சாலமும் சாதியும்

பகவான் புத்தர் பிறந்தருளிய இடத்தில் நின்ற மரம் யாது என்று கேட்டால், நம் பௌத்த இல்லங்களில் வளரும் சிறுவரும் சால மரம் என்று தயங்காது விடை கூறுவர். பகவான் பரிநிர்வாணம் எய்தியதும் இரட்டைச் சால மரங்களின் நடுவே என்பதையும் சேர்த்து உரைப்பர். ஆனால் அம்மரத்தைக் கண்டதுண்டா என்று வினவினால் விடை எளிதில் வாராது. இலங்கைக்குச் சென்று விகாரைகளைத் தரிசித்துத் திரும்பிய அன்பர்கள் மட்டும், "கண்டோம், அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பூக்கும், பீரங்கிக் குண்டு போன்ற காய் காய்க்கும்" என்று கூறுவர். அவர்கள் கண்டது சால மரம் அன்று. நாம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நாகலிங்கம் என்று வழங்கும் மரம் அது.

நாகலிங்க மரத்தின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. கயானா நாட்டுக் காடுகளில் அதனைக் கண்ட பிரெஞ்சுத் தாவர நூலார் ஒருவர் 1775ஆம் ஆண்டில் அதற்கு நூற்பெயர் அளித்தார். கடல் கடந்து இலங்கைக்கு அது வந்தது ஆங்கிலேயர் ஆண்ட 19ஆம் நூற்றாண்டிலேயாம். பகவான் வாழ்ந்த காலத்திலும், அசோகச் சக்கரவர்த்தி ஆண்ட காலத்திலும், மணிமேகலை இயற்றப்பட்ட காலத்திலும் ஆசியாக் கண்டத்தில் அம்மரம் ஒன்றேனும் இருந்ததில்லை. எனினும் அதன் மலரின் அமைப்பு வியப்புக்குரியது. நடுவே சிறு மேடு போன்ற ஓர் உறுப்பு. அதனைச் சூழ நுண்ணிய கேசரங்கள். மேலே குடை கவித்தாற்போல் வளைந்த ஒரு மடல். இதனைக் கண்ட சைவர், இலிங்கத்தின்மேல் நாகம் படம் விரித்திருக்கிறது என்றனர். சிங்கள பௌத்தர், தூபியைச் சூழ்ந்து அடியார் தொழுகின்றனர் என்றனர். அம்மரத்திற்குச் 'சல்' என்ற பெயரையும் சூட்டினர். தாய்லாந்து மக்கள் சற்றே எச்சரிக்கையுடையவர்கள் போலும். அவர்கள் அதனை 'இலங்கைச் சாலம்' என்றே வழங்குகின்றனர்.

உண்மையான சாலம் வேறு. இமயமலையின் அடிவாரத்தில், நேபாளத்தின் தராய்ச் சமவெளியில், பிகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம் முதலிய பகுதிகளில் அது காடாகச் செறிந்து வளர்கிறது. நெடிது ஓங்கிய, வைரம் பாய்ந்த மரம். இளவேனிலில் இலை உதிர்ந்து தளிர்க்கும் பருவத்தில் வெளிர்மஞ்சள் நிறச் சிறு மலர்கள் கிளைநுனிகளில் கொத்தாக மலரும். காய்க்கு ஐந்து சிறகுகள் உண்டு. காற்றில் சுழன்று சுழன்று இறங்கும். நேபாள நாட்டார் இதன் இலைகளைத் தைத்து உண்கலம் ஆக்குவர். இதன் பிசினைத்தான் நாம் குங்கிலியம் என்று கடைகளில் வாங்கிப் புகைக்கிறோம். தமிழ் நூல்களில் இம்மரத்திற்கு ஆச்சா என்ற பெயரும் காணப்படுகிறது. வான்மீகத்தில் இராமன் துளைத்த ஏழு சால மரங்களைக் கம்பர் மராமரம் என்றார். ஆனால் ஆச்சா என்றால் விறகுக்கும் தூணுக்கும் பயன்படும் வேறொரு மரத்தையும் குறிக்கும். மராமரம் என்பதற்குக் கடம்பு என்று பொருள் உரைப்போரும் உளர். மரப்பெயர்களின் நிலை பெரும்பாலும் இதுவே. காட்டை அறிந்தவன் நூல் எழுதுவதில்லை. நூல் எழுதுகிறவன் காட்டுக்குச் செல்வதில்லை.

பகவானின் பிறப்பைக் கூறும் நூல்களும் மரத்தைப் பற்றி ஒருமைப்படவில்லை என்பதை அன்பர்கள் அறிதல் நலம். பாலி மொழியிலுள்ள நிதானகதை, கபிலவத்துவுக்கும் தேவதகத்துக்கும் இடையே இருந்த உலும்பினி என்னும் சால வனத்தில் மாயாதேவியார் சாலக் கிளையைப் பற்றி நின்றார் என்கிறது. வடமொழியிலுள்ள லலிதவிஸ்தரம் அதனை இத்தி மர வகையாகிய பிலக்ஷம் என்கிறது. அசோகாவதானமோ அசோக மரம் என்கிறது. இன்று உலும்பினியின் திருக்குளத்தருகே கொடிகள் கட்டப்பெற்று நிற்பது இவற்றுள் ஒன்றுமன்று. அது அரச மரம். அசோகர் தம் முடிசூட்டின் இருபதாம் ஆண்டில் அங்கு நேரில் வந்து நாட்டிய கற்றூண் மட்டும் ஐயத்திற்கு இடமில்லாமல் நிற்கிறது. சாக்கியமுனி புத்தர் இங்குப் பிறந்தார் என்றும், அவ்வூரின் நிலவரி எட்டில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது என்றும் அக்கல் சொல்கிறது. மரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

உலும்பினி இன்று நேபாள நாட்டில் உள்ளது. ஆகவே அந்நாட்டு மக்களின் மொழியில் 'சால்' என்ற சொல் என்ன பொருள் தருகிறது என்று பார்ப்போம். முதலாவது, மரம், நாம் மேலே சொன்ன அதே மரம். இரண்டாவது, ஆண்டு. 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நேபாளத்தையும் பிகாரையும் அழித்த பெரும் நிலநடுக்கத்தை அந்நாட்டு முதியோர் 'தொண்ணூறாம் சாலின் நடுக்கம்' என்றே நினைவுகூர்ந்தனர். அவர்களுடைய விக்கிரம ஆண்டுக் கணக்கில் அது 1990. இந்த 'சால்' பாரசீகத்திலிருந்து வந்தது. மரத்தோடு அதற்கு யாதொரு உறவும் இல்லை. மூன்றாவது பொருளைக் கேட்டால் அன்பர்கள் திடுக்கிடக்கூடும். குழந்தை பிறந்தபின் தாய் வயிற்றிலிருந்து வெளிப்படும் நஞ்சுக்கொடியையும் நேபாளியில் 'சால்' என்கின்றனர். சால் விழவில்லை என்றால் தாயின் உயிர் போய்விடும். அந்நாட்டு மலையூர்களில் மருத்துவ உதவி கிடைக்காமல் அவ்வாறு மாண்ட தாய்மார் பலர். அம்மொழியில் ச, ஷ, ஸ என்ற மூன்று ஒலிகளும் பேச்சில் ஒன்றாகிவிடுவதால், போர்த்திக்கொள்ளும் சால்வையும் செவிக்குச் 'சால்' என்றே கேட்கும்.

சாலக் கிளையைப் பற்றிய வண்ணம் ஒரு தாய் மகவை ஈன்றாள். அவள் ஈன்ற மண்ணின் மொழியில் மரத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் பெயர் ஒன்றாக இருக்கிறது. இதைக் கேட்டவுடன் நம் உள்ளம் எவ்வளவு விரைவாக ஒரு கதை புனைகிறது! மாயாதேவியாரின் பேற்றினால்தான் அப்பெயர் வந்தது என்று நாளையே ஒருவர் மேடையில் முழங்கக்கூடும். அவ்வாறு நிகழ்ந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. ஓசை ஒன்றாயிருப்பது ஒன்று. உறவு ஒன்றாயிருப்பது மற்றொன்று.

நம் மொழியையும் நோக்குவோம். சால என்றால் மிகுதி. சால்பு என்றால் பண்பின் நிறைவு. உழவன் ஏரால் கீறும் கோடு உழுசால். மலையாளத்திலும் அது சாலே. நீர் இறைக்கும் பெரிய பாண்டமும் சால். இவற்றோடு சாலை. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருக்கு இச்சொல்லைக் கேட்டவுடன் பொங்கி நிறைந்த கடைத்தெரு ஒன்று கண்முன் தோன்றும். திவான் இராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலைக் கடைத்தெரு அது. அதனருகே வலியசாலை. அங்கே காந்தளூர் என்ற பெயர் தாங்கிய சிவன் கோயில். முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டுகளில் புகழ்ந்து பேசப்படும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பது அறிஞர் பலர் கருத்து. அச்சாலையில் அரசன் செய்த செயலைக் கூறுமிடத்து வரும் 'கலம்' என்ற சொல் மரக்கலத்தைக் குறிக்குமா, உண்கலத்தைக் குறிக்குமா என்று வரலாற்று நூலார் நெடுங்காலம் வாதிட்டனர். ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்து, அது கப்பற்படையை அழித்த போராகவும் ஆகலாம், சோற்று உரிமையை மாற்றிய ஆணையாகவும் ஆகலாம்! ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் காந்தளூரின் முறையைப் பின்பற்றி 95 மாணாக்கருக்கு ஒரு சாலை நிறுவினான் என்று செப்பேடு கூறுவதால், சாலை என்பது உண்டியும் கல்வியும் வழங்கிய இடம் என்பது மட்டும் தெளிவு.

இங்கே நம்மவர் ஒருவர், "சாலை என்பது சால வனமே, ஆகவே காந்தளூர்ச் சாலை ஆதியில் பௌத்த விகாரையே" என்று எழுதத் தலைப்படலாம். அந்த ஆசையை நான் இகழமாட்டேன். நம் முன்னோரின் விகாரைகள் மறைந்தன. சிலைகள் வயல்களிலும் குளங்களிலும் கிடந்தன. வரலாறு எழுதியவர்கள் நம்மைப் பற்றி எழுதவில்லை. உடைமை இழந்தவன் கண்ட இடமெல்லாம் தன் வீட்டுப் பாத்திரத்தைத் தேடுவான். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியும், வழக்கிலிருந்த சொற்களைத் தோண்டித் தோண்டிப் பழைய பௌத்தத்தின் தடத்தைக் காட்டினார். இழிவென்று பிறர் நம்மீது எறிந்த சொற்களை ஏன் என்று கேட்கும் துணிவை அவர் தந்தார். அவர் கண்ட சொல்முடிபுகள் அனைத்தையும் இன்றைய மொழிநூல் ஏற்கும் என்று சொல்வதற்கில்லை. கேள்வி கேட்ட துணிவே அவர் விட்டுச்சென்ற செல்வம். விடை ஒவ்வொன்றும் அன்று. சாலைக்கும் சாலத்துக்கும் ஓசை ஒற்றுமை அன்றி வேறு சான்று இல்லாதபோது, அதன்மேல் விகாரை கட்டினால், அது ஒரு நாள் இடிந்து நம் தலைமேலேயே விழும். பிறகு உண்மையான சான்றைக் காட்டினாலும் உலகம் நம்பாது.

சாலை என்ற சொல்லுக்கு இன்றைய தமிழில் பெருவழி என்பதே முதற்பொருள். அந்தப் பொருளிலும் இத்திருவனந்தபுரம் வட்டாரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்நகருக்கு அணித்தான வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, 1893ஆம் ஆண்டில் வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். புலையர் என்று பெயரிடப்பட்டவர் அவ்வழியில் நடப்பதே குற்றமாயிருந்த காலம் அது. அவரைத் தடுக்க வந்தோருக்கும் அவருக்கும் உடலில் என்ன வேற்றுமை இருந்தது? அவர் மீது சுமத்தப்பட்ட ஒரு சொல் வேறாயிருந்தது, அவ்வளவே.

இவ்விடத்தில் பகவான் அருளிய இரண்டு சூத்திரங்களை நினைவுகூர்தல் தகும். முதலாவது அரணவிபங்க சூத்திரம். ஒரே பாத்திரத்தை ஒரு நாட்டார் ஒரு பெயராலும், வேறு நாட்டார் வேறு பெயராலும் வழங்குகின்றனர். தன் நாட்டு வழக்கே மெய், பிறவெல்லாம் பொய் என்று ஒருவன் பிடிவாதம் கொள்ளுதல் தகாது. அவ்வந்நாட்டு வழக்கைப் புறக்கணிப்பதும் தகாது என்பது அதன் கருத்து. பொருள் ஒன்று, பெயர் பல என்ற நிலைக்கு இது விடை. நாகலிங்கத்தைச் 'சல்' என்று வழங்கும் சிங்கள அன்பரோடு நாம் சண்டையிட வேண்டியதில்லை என்பதும் இதனால் விளங்கும். அவர் நாட்டில் அது அம்மரத்தின் பெயர்.

இரண்டாவது வாசெட்ட சூத்திரம். ஒருவன் பிராமணன் ஆவது பிறப்பினாலா, செயலினாலா என்று வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் இரு பிராமண இளைஞர் வாதிட்டுப் பகவானிடம் வந்தனர். அவர் முதலில் எடுத்துக்காட்டாகக் கொண்டது புல்லையும் மரத்தையுமே என்பதைக் கவனியுங்கள். புல்லும் மரமும் தம் சாதி இன்னது என்று வாய்திறந்து சொல்லமாட்டா. எனினும் ஒவ்வொன்றுக்கும் பிறவியாலமைந்த அடையாளம் உண்டு. அவற்றின் சாதிகள் வேறுவேறு. அவ்வாறே புழு, பூச்சி, நாற்கால் விலங்கு, பாம்பு, மீன், பறவை. மனிதரிடத்திலோ தலைமுடி முதல் கால் நகம் வரை தேடினாலும் அத்தகைய சாதியடையாளம் காணக்கிடையாது. மனிதருள் கூறப்படும் வேற்றுமை பெயர்வழக்கால் ஆனதே என்று பகவான் விளக்கினார்.

இச்சூத்திரத்தை நாம் பலகாலும் ஓதியிருக்கிறோம். சால மரத்தின் கதையை அருகே வைத்துப் பார்க்கும்போது அதன் கூர்மை இன்னும் புலனாகிறது. கயானாவின் நாகலிங்கமும் இமயத்தின் சாலமும் மெய்யாகவே வெவ்வேறு சாதிகள். இலை, பூ, காய், விதை யாவும் வேறு. ஆயினும் ஒரே சொல் அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. மக்கள் அதை நம்பி மலர் தூவுகின்றனர். மனிதரோ மெய்யாகவே ஒரு சாதி. ஆயினும் வெவ்வேறு சொற்கள் அவர்களைப் பிரித்தன. மக்கள் அதை நம்பிக் கிணற்றையும் சாலையையும் அடைத்தனர். இரண்டு இடத்திலும் கண்ணால் கண்டது தோற்றது. காதால் கேட்டது வென்றது. மலர் தூவுகிறவனும் கிணற்றை அடைப்பவனும் ஒரே தரத்தார் அல்லர் என்பது உண்மை. எனினும் அவ்விருவர் உள்ளத்திலும் வேலை செய்யும் பொறி ஒன்றே. பெயரைக் கேட்டவுடன் பொருளைப் பார்ப்பதை நிறுத்திவிடுவது அப்பொறி.

சாலத்தின் மெய்யான உறவினர் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வாழ்கின்றனர் என்பது இன்னொரு வேடிக்கை. வெள்ளைக் குங்கிலியம் என்றும், மலையாளத்தில் வெள்ளப்பயின் என்றும் வழங்கும் மரம் சாலத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பிசினும் நறும்புகை தருவது. உலகில் வேறெங்கும் இயல்பாக வளராது, இந்த மலைத்தொடருக்கே உரியது. பெயரில் சாலம் இல்லாமையால் அதனிடம் எந்தப் பௌத்தரும் சென்று கைகூப்புவதில்லை.

அப்படியானால் நாகலிங்கத்தின் அடியில் இதுவரை தூவிய மலரெல்லாம் வீணா என்று ஒருவர் கேட்கலாம். வீணன்று என்பதே என் துணிபு. செயலுக்கு வித்து சேதனை, அதாவது உள்ளத்தின் நோக்கம், என்று பகவான் கற்பித்தார். ஒரு மூதாட்டி வைசாகப் பௌர்ணமியன்று அம்மலரைப் பகவானின் திருவடியில் வைக்கும்போது அவள் வணங்குவது தென் அமெரிக்க மரத்தை அன்று. குசிநாரையில் இரட்டைச் சாலங்கள் பருவமன்றிப் பூத்து மலர்மாரி பொழிந்தபோது, ததாகதருக்கு உரிய உண்மையான சிறப்பு இதுவன்று என்றும், தம்மத்தின்படி ஒழுகுகிறவரே மேலான பூசை செய்கின்றனர் என்றும் பகவான் ஆனந்தருக்கு உரைத்தார். மெய்ச்சாலத்தின் மலருக்கே அந்நிலை என்றால், மலர் எந்த மரத்தினது என்ற வினா பூசையைத் தொடாது.

ஆனால் அறிந்தபின் நிலை மாறுகிறது. உண்மையை அறிந்த ஒருவர், மக்கள் மகிழ்கிறார்களே என்று கருதி, நாகலிங்கத்தின் கீழ் நின்று இதுவே பகவான் பிறந்த மரம் என்று சிறுவருக்குக் கற்பித்தால், அது நான்காம் சீலத்தை மீறிய பொய்யுரை. மூதாட்டியின் அறியாமைக்கும் அவருடைய பொய்க்கும் இடையே மலையளவு வேற்றுமை உண்டு. மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பலகையில் உள்ள எழுத்தைத் திருத்தினால் போதும். சைவ அன்பர் அதே மலரில் இலிங்கத்தைக் காண்பதைப் பற்றி நமக்கு வழக்கும் இல்லை.

மரத்தின் பலகையைத் திருத்துவது எளிது. மனிதர்மேல் எழுதிய பலகை அவ்வளவு எளிதில் அழிவதில்லை. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மத்தைத் தழுவினார்; அடுத்த மாதமே, உடல் நலிந்த நிலையிலும், நேபாளத்தின் காட்மாண்டு நகரில் கூடிய உலக பௌத்த மாநாட்டில் உரையாற்றினார். அவரைப் பின்பற்றிய இலட்சக்கணக்கானோர் பழைய சாதிப்பெயரை உதறினர். ஆனால் பௌத்தர் ஆனமையாலேயே அவர்கள் பட்டியல் சாதியினருக்கு மத்திய அரசு அளித்த உரிமைகளை இழக்க நேர்ந்தது. 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான் அவ்வுரிமை திரும்பக் கிட்டியது. அதனைப் பெறுவதற்கோ, உதறிய பெயரையே சான்றிதழில் மீண்டும் எழுத வேண்டும். பள்ளி விண்ணப்பத்தை நிரப்பும் மகன், "நாம் பௌத்தர் என்றால் இப்பெயர் எதற்கு?" என்று தந்தையைக் கேட்கிறான். இது பொய்யுரை ஆகாதா என்று உள்ளூர வருந்துவோரை நான் அறிவேன்.

ஆகாது என்றே கருதுகிறேன். அந்தப் பெயர் குறிப்பதாகச் சொல்லப்பட்ட சாதி என்னும் பொருள் இல்லாத பொருள். வாசெட்ட சூத்திரம் அதனை ஐயமற அறுத்துவிட்டது. ஆனால் அப்பெயரைக் காரணங்காட்டிப் பறித்த நிலமும், மூடிய பள்ளியும், அடைத்த சாலையும் உள்ள பொருள்கள். சான்றிதழில் அப்பெயரை எழுதுகிறவன் 'நான் இன்ன சாதி' என்று ஒப்புக்கொள்ளவில்லை; 'இப்பெயரால் என் குடும்பம் இன்ன இன்ன இழந்தது' என்று கணக்குக் காட்டுகிறான். கடன்பத்திரத்தில் உள்ள பெயர் பிழையாயினும் கடன் பிழையாகாது. நாட்டு வழக்கைப் பற்றிக்கொண்டு பிடிவாதம் செய்யாதே, அதைப் புறக்கணிக்கவும் செய்யாதே என்று அரணவிபங்க சூத்திரம் காட்டிய நடுவழி இங்கேயும் பொருந்தும். மகனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். படிவத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வாளாவிருந்தால், அவன் அப்பெயரை உண்மையென்றே எடுத்துக்கொள்வான். வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் அப்பெயரால் தாழ்த்துவதும், பெண் கொடுக்கும்போது உட்பிரிவு பார்ப்பதும் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. அங்கே அச்சொல் கணக்கு அன்று, முழுப் பொய்.

சால மரத்தை மெய்யாகவே தங்கள் சங்கத்து முற்றத்தில் நட விரும்பும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. சாலத்தின் விதை மழைத்தொடக்கத்தில் உதிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளுக்குள் முளைக்கும் வலிமையை இழந்துவிடும். உலும்பினி யாத்திரை செய்து விதையை மூட்டையில் முடிந்து கொண்டுவந்து, ஆறுதலாக ஒரு மாதம் கழித்து நட்டால் ஒன்றும் முளையாது. வளர்ந்த கன்றாகவே கொண்டுவர வேண்டும். வனத்துறை நாற்றங்கால்களில் விசாரித்தால் வழி தெரியும். அதுவும் கடினம் எனில், நம் மலைக்கே உரிய வெள்ளைக் குங்கிலியக் கன்றை நடலாம். பலகையில் அதன் சொந்தப் பெயரையே எழுதுக.